விமானத்துக்குக் கணக்கு கேட்பவர்கள் துடைப்பத்துக்கும் கேட்கட்டும்

எங்கள் ஊரில் எங்கள் வீட்டுக்கு அடையாளம் ‘மிலிட்டரிக்காரர் வீடு’. வேலூர் மாவட்டத்தில் மிலிட்டரிக்காரர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் எங்கள் காலனியில் அப்பா ஒருவர்தான். பதினேழு ஆண்டுகள் பணி முடித்து, கறுப்பு டிரங்குப் பெட்டியோடு வந்து சேர்ந்தார். பெட்டியின் மேல் வெள்ளை பெயின்டில் அவர் எண்ணும் பெயரும் இருக்கும். மாதம் ஒருமுறை கேன்டீனுக்குப் போய் வருவார். அன்று மாலை ஊர்த்தெருவிலிருந்து ஆட்கள் காலனிக்குள் வருவார்கள். எங்கள் வீட்டில் ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடிக்காதவர்கள்தான். ரம் பாட்டில் மட்டும் சீல் உடையாமல் வருவதால் தீட்டு ஒட்டாது போலும்.

பட்டாளத்தில் என்ன வேலை என்று அப்பாவிடம் நாங்கள் கேட்டதில்லை. மிலிட்டரி என்றால் மிலிட்டரிதானே. பஞ்சாபின் குளிரையும் அசாமின் மழையையும் பற்றிச் சொல்வார். துப்பாக்கியைப் பற்றிச் சொன்னதாக நினைவில்லை. 2019-ல் அவர் இறந்தபின் குடும்ப ஓய்வூதியத்துக்காக அம்மா டிஸ்சார்ஜ் புக்கை எடுத்துக் கொடுத்தார். ‘டிரேடு’ என்ற இடத்தில் ‘சஃபாய்வாலா’ என்று எழுதியிருந்தது. அம்மாவுக்கு முதலிலிருந்தே தெரியும். “படிக்கிற புள்ளைக்கு அது எதுக்குன்னு அவருதான் சொல்ல வேணாம்னாரு” என்றார்.

என் முனைவர் பட்ட ஆய்வு நாடாளுமன்றக் குழுக்களைப் பற்றியது. அரசு வேலையில் இருக்கும் கடைநிலைத் தொழிலாளர்களை அந்தக் குழுக்கள் எப்படிப் பார்க்கின்றன, எங்கே பார்க்காமல் விடுகின்றன என்பதுதான் என் கேள்வி. ரயில்வே, உள்துறை, நகர்ப்புற வளர்ச்சி என்று படித்துக்கொண்டு போனவன், பாதுகாப்பு அமைச்சகத்தின் அறிக்கைகளை மட்டும் ஒத்திப் போட்டுக்கொண்டே இருந்தேன். டிஸ்சார்ஜ் புக்கைப் பார்த்தபின் அதற்கு மேல் ஒத்திப் போட முடியவில்லை.

2025-26 நிதியாண்டில் பாதுகாப்பு அமைச்சகத்துக்கு ஒதுக்கப்பட்ட தொகை சுமார் 6.81 லட்சம் கோடி ரூபாய். நான்கு மானியக் கோரிக்கைகளாக இது நாடாளுமன்றத்துக்கு வருகிறது. போர் விமானமும் கப்பலும் வாங்கும் மூலதனச் செலவு ஒன்று. சம்பளம், உணவு, பராமரிப்பு எல்லாம் அடங்கிய வருவாய்ச் செலவு ஒன்று. ஓய்வூதியம் மட்டுமே சுமார் 1.60 லட்சம் கோடி. என் அம்மா வாங்கும் தொகையும் அதில்தான் இருக்கிறது. நான்காவது, அமைச்சகத்தின் குடிமைப் பிரிவு. தலைமைச் செயலகம், கணக்குத் துறை, நிலங்களை நிர்வகிக்கும் துறை, கேன்டீன் துறை என்று ‘நிர்வாக உதவி’ சார்ந்த பலவும் இதில் வரும்.

இவற்றையெல்லாம் மக்களவை உட்கார்ந்து விவாதிக்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். பெரும்பாலான கோரிக்கைகள் ‘கில்லட்டின்’ முறையில் விவாதமே இல்லாமல் ஒரே மூச்சில் நிறைவேறுகின்றன. 2023 மார்ச் 23 அன்று சுமார் 45 லட்சம் கோடி ரூபாய் நிதிநிலை அறிக்கை முழுவதும் அப்படித்தான் சில நிமிடங்களில் நிறைவேறியது. ஆகவே உண்மையான ஆய்வு என்று ஏதாவது நடந்தால் அது 1993-ல் உருவாக்கப்பட்ட துறைசார் நிலைக்குழுவில்தான் நடக்க வேண்டும். மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர், மொத்தம் 31 உறுப்பினர்கள். கட்சி வேறுபாடு குறைவாகவும் வேலை அதிகமாகவும் நடக்கும் இடம் இது. இந்தக் குழுக்கள்மீது எனக்கு மதிப்பு உண்டு. அந்த மதிப்பால்தான் இதை எழுதுகிறேன்.

பாதுகாப்புத் துறை நிலைக்குழு ஒருமுறை நம் பக்கம் மிக நெருங்கி வந்தது. 2008-ல் படையினரின் மன அழுத்தம் பற்றி ஓர் அறிக்கை கொடுத்தது. வீரர்களின் தற்கொலைகளும் சக வீரர்களைச் சுடும் நிகழ்வுகளும் பேசப்பட்ட காலம். தரைப்படையில் அதிகாரிகளுக்கு உதவியாளாக வீரர்களை ஒதுக்கும் ‘சஹாயக்’ முறையை அந்த அறிக்கை கடுமையாகக் கண்டித்தது. ஆங்கிலேயர் காலத்தில் ‘பேட்மேன்’, பிறகு ‘ஆர்டர்லி’, பிறகு இந்தியில் ‘சஹாயக்’. பெயர்தான் மாறியதே தவிர ஷூ பாலீஷ் மாறவில்லை. கடற்படையிலும் விமானப்படையிலும் இல்லாத இந்த முறை தரைப்படைக்கு மட்டும் எதற்கு என்று குழு கேட்டது. நாட்டுக்குச் சேவை செய்யச் சேர்ந்தவர்களை அதிகாரிகளின் குடும்பத்துக்கு வீட்டு வேலை செய்ய வைப்பது இழிவு, சுதந்திர நாட்டில் இதற்கு இடமில்லை, ஒழிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஆளும் கட்சியினரும் எதிர்க்கட்சியினரும் சேர்ந்து எழுதிய அறிக்கை என்பதை மறக்க வேண்டாம்.

முறை ஒழியவில்லை. நிலைக்குழுவின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது. விதிகளின்படி அது மதித்துக் கேட்க வேண்டிய ஆலோசனை, அவ்வளவே. 2017 தொடக்கத்தில் வீரர் ஒருவர் சஹாயக் கொடுமையை வீடியோவில் பேசினார். அதே ஆண்டு மார்ச்சில், நாசிக் அருகே தேவ்லாலியில், கேரளத்தைச் சேர்ந்த வீரர் ஒருவர் இறந்து கிடந்தார். அதிகாரிகளின் நாயை நடத்திச் செல்வதும் பிள்ளைகளைப் பள்ளியில் விடுவதும் சஹாயக்குகளின் வேலையாக இருப்பதைக் காட்டிய ஒரு ரகசிய வீடியோவில் அவர் பேசியிருந்தார். அந்த வீடியோவை எடுத்த செய்தியாளர்மீது அலுவல் ரகசியச் சட்டத்தின்கீழ் வழக்கு போட்டார்கள். நாயை யார் நடத்துகிறார்கள் என்பது ராணுவ ரகசியம்! 2019-ல் பம்பாய் உயர் நீதிமன்றம்தான் அந்த வழக்கை ரத்து செய்தது. நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தபோது, போர்க்களத்தில் சஹாயக் தேவை, ஆனால் வீரரின் கண்ணியத்துக்கும் சுயமரியாதைக்கும் பொருந்தாத எடுபிடி வேலைகளுக்கு அவரைப் பயன்படுத்தக் கூடாது என்று தெளிவாக அறிவுறுத்தியிருக்கிறோம் என்ற பொருளில் அரசு பதில் சொன்னது.

அந்தப் பதிலில்தான் என் சிக்கல் தொடங்குகிறது. வீரரின் கண்ணியத்துக்குப் பொருந்தாத வேலை என்றால், அது யாருடைய கண்ணியத்துக்குப் பொருந்தும்?

2008 அறிக்கையின் கோபம் நேர்மையானது. ஆனால் அது சண்டைக்கு வந்தவனைச் சமையலுக்கு வைத்தீர்களே என்ற கோபம். சமையலுக்கும் சலவைக்கும் முடிதிருத்தவும் கழிவறை கழுவவும் என்றே எடுக்கப்பட்டவர்கள் அதே படையில் அதே சீருடையில் இருக்கிறார்கள். என் அப்பாவும் சல்யூட் அடித்தார், எல்லையோரக் கூடாரங்களில் தூங்கினார். அவரை யாரும் ‘தவறாகப் பயன்படுத்தவில்லை’. துடைப்பம்தான் அவருக்கான ஆணை. குழுவின் பரிவு அவர் வாசல்வரை வந்து நின்றுவிட்டது. சஹாயக்கை விடுவித்துவிட்டு அமைதிப் பகுதிகளில் அந்த வேலைக்குக் குடிமைப் பணியாளர்களை அமர்த்தலாம் என்ற யோசனைகூட அவ்வப்போது வருகிறது. வீரரின் கையிலிருந்து துடைப்பத்தை வாங்கி யார் கையில் கொடுப்பார்கள் என்று நாம் கேட்க வேண்டியதில்லை, நமக்குத் தெரியும். நான் தேடிய ‘சாதி’ என்ற சொல் அந்தப் பரிந்துரையில் இல்லை.

தரைப்படையின் ஆள்சேர்ப்பு அறிவிப்புகளை எடுத்துப் பாருங்கள். 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் ‘டிரேட்ஸ்மேன்’ என்று ஒரு பிரிவு. பெரும்பாலான டிரேடுகளுக்குப் பத்தாம் வகுப்பு வேண்டும். எட்டாம் வகுப்பு போதும் என்பது இரண்டே இரண்டுக்கு: ஹவுஸ் கீப்பர், மெஸ் கீப்பர். அப்பா காலத்து சஃபாய்வாலாதான் இன்றைய ஹவுஸ் கீப்பர். விமானப்படையும் ‘போரிடாதோர்’ என்று தனியாக ஆள் எடுக்கிறது. விருந்தோம்பல், வீட்டுப் பராமரிப்பு என்று அழகான பெயர்கள். அப்பாவுக்காவது பதினைந்து ஆண்டு தாண்டியதால் ஓய்வூதியம் வந்தது. இன்று சேரும் ஹவுஸ் கீப்பருக்கு நான்கு ஆண்டுதான். 25 விழுக்காட்டினரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்பிவிடுவார்கள். துப்பாக்கி பிடித்த அக்னிவீரர் வெளியே வந்தால் காவல்துறை, பாதுகாப்பு நிறுவனம் என்று ஒதுக்கீடு பேசுகிறார்கள். துடைப்பம் பிடித்தவர் வெளியே வந்தால் எங்கே போவார்?

சீருடைப் பணியில் இடஒதுக்கீடு கிடையாது. ‘திறமை மட்டுமே’ என்பதுதான் அதற்குச் சொல்லப்படும் காரணம். ராஜபுத்திரருக்கும் ஜாட்டுக்கும் டோக்ராவுக்கும் பெயர் சொல்லி ரெஜிமென்ட் வைத்திருக்கும் படையில் இதைச் சொல்வதற்குத் துணிச்சல் வேண்டும். 1890களில் மகர்களைப் படையில் சேர்ப்பதை ஆங்கிலேயர் நிறுத்தினார்கள். 1941-ல் மகர் படையணி மீண்டும் எழும்ப அண்ணல் அம்பேத்கர் போராட வேண்டியிருந்தது. 1943-ல் உருவான சமார் ரெஜிமென்ட் 1946-ல் கலைக்கப்பட்டது. அண்ணலே மாவ் படைக்குடியிருப்பில் பிறந்தவர். அவர் தந்தை சுபேதார், ராணுவப் பள்ளியில் ஆசிரியர். பட்டாளம் நம் மக்களில் சிலருக்குக் கதவைத் திறந்தது என்பதை நான் மறுக்கவில்லை. என் படிப்பும் அந்தக் கதவு வழியாக வந்ததுதான். எந்தக் கதவு, முன்வாசலா கொல்லைப்புறமா என்பதுதான் கேள்வி.

இதற்கு விடை சொல்லத் தரவு இல்லையா? இருக்கிறது. 2022 ஜூலையில் அக்னிபத் விண்ணப்பதாரர்களிடம் ஏன் சாதிச் சான்றிதழ் கேட்கிறீர்கள் என்று சர்ச்சை எழுந்தபோது, இது புதிதல்ல, எப்போதும் கேட்பதுதான் என்று ராணுவமும் அமைச்சரும் விளக்கம் சொன்னார்கள். எப்போதும் வாங்கி வைத்திருக்கிறீர்கள் என்றால், எந்த டிரேடில் எந்தச் சாதியினர் எத்தனை பேர் என்று ஒரு மாலைப்பொழுதில் எண்ணிவிடலாம். அரசு எண்ண நினைத்தால் எண்ணும். நகரங்களில் சாக்கடை, கழிவுநீர்த் தொட்டி சுத்தம் செய்யும் சுமார் 38,000 பேரைக் கணக்கெடுத்தபோது 68.9 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர் என்று 2024-ல் வெளிவந்ததே. ஒன்றிய அரசுப் பணியாளர்களில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர் என்ற அட்டவணையில்கூட ‘துப்புரவுப் பணியாளர் நீங்கலாக’ என்று கடைநிலைப் பிரிவைத் தனியாகக் காட்டும் வழக்கம் இருந்தது. சேர்த்துக் காட்டினால் நம் பங்கு வீங்கித் தெரியும் என்று அவர்களுக்கே தெரியும்.

படையின் சீருடைக்கு வெளியே இருப்பவர்களின் கதை இன்னும் மங்கல். முகாம்களின் துப்புரவு பெருமளவு ஒப்பந்தத்துக்குப் போய்விட்டது. நிரந்தரப் பணியிடம் இருந்தால் இடஒதுக்கீடு, பதவி உயர்வு, ஓய்வூதியம் என்று கேட்கலாம். ஒப்பந்தக்காரரிடம் என்ன கேட்பது? 2016-ல் ஷேகத்கர் குழு படையின் ‘பல்லுக்கும் வாலுக்கும்’ உள்ள விகிதத்தைச் சீராக்கப் பரிந்துரை கொடுத்தது. சண்டையிடுவோர் பல், மற்றவர்கள் வால். ராணுவ இயலில் உலகெங்கும் புழங்கும் சொல்தான் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் சமூகத்தை ஓர் உடம்பாக்கி, தலை, தோள், தொடை, கால் என்று பிரித்த நாட்டில் அந்தச் சொல் வேறு மாதிரி காதில் விழுகிறது. அந்தக் குழுவின் பரிந்துரைப்படி 39 ராணுவப் பண்ணைகள் மூடப்பட்டன, சுமார் 57,000 பணியிடங்கள் மாற்றியமைக்கப்படும் என்று அறிவித்தார்கள். செலவு எவ்வளவு மிச்சம் என்று கேள்விகள் வந்தன. வாலை வெட்டும்போது ரத்தம் யாருடையது என்று கேட்டவர்கள் குறைவு.

கன்டோன்மென்ட்டுகளைச் சொல்லாமல் இது முழுமையாகாது. நாட்டில் 61 இருக்கின்றன. தமிழ்நாட்டில் பரங்கிமலை-பல்லாவரமும் வெலிங்டனும். அங்கே நகராட்சி கிடையாது. குப்பையும் சாக்கடையும் கன்டோன்மென்ட் வாரியத்தின் பொறுப்பு, வாரியம் பாதுகாப்பு அமைச்சகத்தின் பொறுப்பு. கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013 சட்டம், ‘உள்ளாட்சி அமைப்பு’ என்பதற்கு விளக்கம் சொல்லும்போது நகராட்சி, ஊராட்சிகளோடு கன்டோன்மென்ட் வாரியத்தையும் ரயில்வேயையும் பெயர் சொல்லிச் சேர்த்தது. சும்மா சேர்க்கவில்லை. அந்த வாரியங்களுக்கு 2023 ஏப்ரலில் நடக்கவிருந்த தேர்தலை மார்ச்சில் ரத்து செய்தார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் இல்லாத வாரியத்தில் துப்புரவுத் தொழிலாளிக்காகக் கேள்வி கேட்க யார் இருக்கிறார்கள்? ராணுவ நிலையத் தளபதி தலைவர், அமைச்சகத்தின் அதிகாரி நிர்வாகி. மிச்சம் இருப்பது நாடாளுமன்றம் ஒன்றுதான்.

நாடாளுமன்றத்தின் கையை ஒரு விதி கட்டியிருக்கிறது. மக்களவை நடைமுறை விதி 331-இ, நிலைக்குழுக்கள் அமைச்சகத்தின் ‘அன்றாட நிர்வாகத்தை’ ஆராயக் கூடாது என்கிறது. நோக்கம் புரிகிறது; ஒவ்வொரு இடமாற்ற ஆணையையும் எம்.பி.க்கள் தோண்டினால் வேலை ஓடாது. ஆனால் சாதி வேறு எங்கே இருக்கிறது? கொள்கை ஆவணத்தில் அது இருக்காது. யார் கழிவறைக்கு, யார் சமையலறைக்கு, யார் அலுவலக மேசைக்கு என்று காலையில் போடும் டூட்டிப் பட்டியலில்தான் இருக்கும். அன்றாட நிர்வாகம் என்று அவர்கள் சொல்வது எங்களுக்கு அன்றாட வாழ்க்கை. அதற்கும் மேல், நாட்டின் பாதுகாப்புக்குக் கேடு என்று சொல்லி எந்த ஆவணத்தையும் குழுவுக்குத் தர மறுக்க அரசுக்கு வழி இருக்கிறது.

வழியே இல்லை என்று சொல்ல மாட்டேன். கேன்டீன் விஷயத்தில் வழி கண்டார்கள். தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2010-ல் கேன்டீன் துறையை ஆராய்ந்து, படையணிகள் நடத்தும் கேன்டீன்களின் லாபக் கணக்கு தணிக்கைக்கு எட்டாமல் இருப்பதைச் சொன்னார். பொதுக் கணக்குக் குழு அதை எடுத்துக்கொண்டு அமைச்சகத்தைக் கேள்வி கேட்டது. எங்கள் ஊர்க்காரர்கள் வாங்கிப் போன ரம்முக்கு நாடாளுமன்றம் கணக்கு கேட்டிருக்கிறது! அதே கேன்டீன்களில் வேலை செய்பவர்கள் அரசு ஊழியர்கள் அல்ல என்று 2009-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2001-ல் தானே கொடுத்த தீர்ப்பைத் திருத்தி. சரக்கு அரசுடையது, அதை எடுத்துக் கொடுக்கும் கை அரசுடையது அல்ல.

நம் மாநிலத்துக்கும் இதில் முகம் சுளிக்கத் தகுதி இல்லை. காவல்துறையில் ஆர்டர்லி முறையை 1979-லேயே ஒழித்து ஆணை போட்டோம் என்று பெருமை பேசுகிறோம். 2022-ல் சென்னை உயர் நீதிமன்றம் அது இன்னும் ஏன் நடக்கிறது என்று கேட்க வேண்டியிருந்தது. இருந்தாலும் சமூகநீதியைச் சொல்லி வாக்கு வாங்கி டெல்லிக்குப் போகும் 39 பேர் இருக்கிறார்கள். பட்டியல் சாதி, பழங்குடியினர் நலனுக்கென்று இரு அவைகளின் 30 உறுப்பினர்கள் கொண்ட தனிக்குழு இருக்கிறது. அதற்கு அமைச்சகத்தின் செயலாளரை அழைத்துக் கேட்கும் அதிகாரமும் இருக்கிறது.

சென்ற மாதம் எம்.பி. ஒருவரின் அலுவலகத்தில் நான்கு வரி எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். கடந்த பத்தாண்டுகளில் ஹவுஸ் கீப்பர், மெஸ் கீப்பர், வாஷர்மேன் டிரேடுகளில் சேர்க்கப்பட்டவர்கள் சாதிப் பிரிவு வாரியாக எத்தனை பேர். அவர்களில் வேறு டிரேடுக்கு மாறியவர்கள் எத்தனை பேர். படைமுகாம்களிலும் கன்டோன்மென்ட்டுகளிலும் ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர்கள் எத்தனை பேர். அங்கே சாக்கடையிலும் தொட்டியிலும் இறங்கி இறந்தவர்கள் உண்டா, இருந்தால் இழப்பீடு கொடுக்கப்பட்டதா. உதவியாளர் படித்துப் பார்த்தார். “டிஃபென்ஸ் மேட்டர் சார். பாதுகாப்பு ரகசியம்னு தள்ளிடுவாங்க” என்றார்.

எத்தனை ஹவுஸ் கீப்பர்கள் என்ன சாதி என்று தெரிந்துகொண்டு எந்த எதிரி நாடு படையெடுத்து வரப்போகிறது என்று கேட்டேன். சிரித்தார். மக்களவையில் ஒரு நாளைக்கு வாய்மொழிப் பதிலுக்கு 20 கேள்வி, எழுத்து மூலம் 230 கேள்வி, குலுக்கலில் வர வேண்டும், பதினைந்து நாள் முன்னால் கொடுக்க வேண்டும் என்று விளக்கினார். எனக்குத் தெரியும் என்று சொல்லவில்லை. தாளை ஒரு ஃபைலுக்குள் வைத்துக்கொண்டார். கூட்டத்தொடர் தொடங்கும் தேதி வந்ததும் மீண்டும் போகிறேன்.